ஆறடிக்கு மேல் உள்ளவருக்கு எந்தக் குரூசர்?

குரூசர் என்றாலே பெரிய ஆளுக்குப் பெரிய வண்டி என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அகன்ற டேங்க், பருத்த பின் டயர், நீட்டிக்கொண்டு நிற்கும் முன்ஃபோர்க், 200 கிலோவைத் தொடும் எடை என்று பார்வைக்கு எல்லாமே பெரிசு. ஆனால் ஓட்டுபவர் உட்காரும் இடத்தை அளந்து பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. சந்தையில் இருக்கும் வண்டிகளிலேயே தாழ்ந்த சீட்டு குரூசருடையதுதான். ஹோண்டா ரெபல் 500இன் சீட்டு தரையிலிருந்து 690 மி.மீ. கவாசாகி வல்கன் எஸ் 705 மி.மீ. முன்பு இங்கே நிறைய ஓடிய யமஹா விராகோ 250 இன்னும் தாழ்வு, 685 மி.மீ. இந்தத் தாழ்வு குட்டையானவர்களுக்குக் கிடைத்த வரம். நெட்டையானவர்களின் முழங்கால், இடுப்பு, முதுகு மூன்றும் அதற்கு விலை கொடுக்கின்றன.

என் அக்கா மகனுக்கு வீடு கிள்ளான், மேரு பக்கம். வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். உயரம் 188 செ.மீ., அதாவது ஆறடி இரண்டு அங்குலம். இத்தனை காலம் கப்சாய் என்ற சின்ன வண்டியில் முட்டியை அகட்டி வைத்துக்கொண்டே பெடரல் நெடுஞ்சாலையில் போய் வந்தவன், பெரிய லைசென்ஸ் எடுத்ததும் குரூசர் வாங்க ஆசைப்பட்டான். "மாமா, சீட்டு 690தான். ரெண்டு காலும் தரையில நல்லா ஊனுது. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" என்று கேட்டான். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது மிகச் சரியான கேள்வி. சிக்னலில் வண்டியைத் தாங்கி நிற்பதுதான் அவருடைய கவலை. நெட்டையானவருக்குக் கஷ்டம் ஆரம்பிப்பது காலைத் தரையிலிருந்து எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த பிறகுதான்.

வண்டியில் ஓட்டுபவரைப் பிடித்து வைத்திருப்பவை மூன்று புள்ளிகள்: சீட்டு, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டல். இந்த முக்கோணத்தில் விற்பனைத் தாளில் அச்சாவது சீட்டு உயரம் ஒன்றுதான். அதுவும் சீட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம். ஓட்டும்போது கால் தரையில் இருப்பதில்லையே! சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எந்தத் தயாரிப்பாளரும் முன்வந்து சொல்வதில்லை. டேப் கொண்டுபோய் நாமே அளக்க வேண்டியதுதான்.

அளந்ததை உடம்போடு பொருத்திப் பார்க்க ஒரு பழைய ஆய்வு கைகொடுக்கிறது. 1966இல் அமெரிக்காவில் டிரில்லிஸ், கான்டினி என்ற இருவர் மனித உடலின் ஒவ்வொரு பகுதியும் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். செயற்கைக் கால் செய்கிறவர்களிலிருந்து விளையாட்டு விஞ்ஞானிகள்வரை இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள். அதன்படி தொடையின் நீளம் உயரத்தில் 0.245 பங்கு. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை 0.246 பங்கு. இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் கணக்கு எளிது. 188 செ.மீ. ஆளுக்கு இரண்டும் 46 செ.மீ. 165 செ.மீ. ஆளுக்கு 40 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும்.

இப்போது ஒரு தாழ்ந்த குரூசரை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்த பிறகு இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் 45 செ.மீ. முன்னாலும் 40 செ.மீ. கீழேயும் இருக்கிறது என்று வைப்போம். நேர்க்கோட்டில் அளந்தால் 60 செ.மீ. இந்த 60 செ.மீ. இடைவெளிக்குள் இரண்டு எலும்புகளையும் மடக்கி வைக்க வேண்டும். 165 செ.மீ. ஆளின் முழங்கால் 96 பாகையில் நிற்கும். நாற்காலியில் உட்காருவதைவிடக் கொஞ்சம் தாராளம். 188 செ.மீ. ஆளுக்கோ 81 பாகை. தொடை இருக்கும் வாக்கும் மாறிவிடுகிறது. குட்டையானவரின் தொடை தரைக்குச் சமமாகக் கிடக்க, நெட்டையானவரின் தொடை 8 பாகை மேல்நோக்கி எழுந்து, முட்டி இடுப்பைவிட 6 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

இந்த 6 செ.மீ. செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தை இரண்டு இடங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள். மற்றொன்று தொடையின் பின்சதை. முட்டி மேலே எழும்பியதும் தொடையின் பின்பக்கம் சீட்டைவிட்டுத் தூக்கிக்கொள்கிறது. அது சுமந்த பங்கும் சேர்ந்து அந்த இரண்டு முண்டுகளின் மேலேயே விழுகிறது. அங்கே சதை குறைவு. நசுங்கும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபடும். 'சீட்டு நல்லா இல்லை, கல்லு மாதிரி இருக்கு' என்று பலர் குஷன் கடைக்குப் போய் ஸ்பஞ்சை மெத்தென்று மாற்றச் சொல்கிறார்கள். மெத்தென்ற ஸ்பஞ்ச் அமுங்கும். அமுங்கினால் சீட்டு இன்னும் தாழும், முட்டி இன்னும் மேலே போகும், நோவும் கூடும். நெட்டையானவர் கேட்க வேண்டியது அடர்த்தியான, உயரமான ஸ்பஞ்ச்.

முழங்காலுக்கு வேறு ஒரு தொல்லை. காலை மடக்க மடக்க முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். நடக்கும்போது அழுத்தம் வந்து வந்து போகிறது, குருத்தெலும்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. வண்டியில் அது அப்படியே நிலைத்துவிடும். திரையரங்கில் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழும்போது சிலருக்கு முட்டியின் முன்பக்கம் வலிக்கும். எலும்பு மருத்துவர்கள் இதைத் திரையரங்கு முட்டி என்றே சொல்வதுண்டு. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். காலை நெரிசலில் அந்தத் தூரமே போதும், இந்த வலி எட்டிப்பார்க்க.

சரி, எதை மாற்றினால் என்ன கிடைக்கும்? அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஃபுட்ரெஸ்ட்டை மட்டும் 5 செ.மீ. முன்னே தள்ளினால் முழங்கால் 81இலிருந்து 88 பாகைக்கு விரிகிறது. ஆனால் தொடையின் சரிவில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். முட்டி அதே உயரத்தில் நிற்கிறது, பாரம் அதே முண்டுகளின் மேல். சீட்டை மட்டும் 4 செ.மீ. உயர்த்தினால் முழங்கால் 86 பாகை. தொடையோ 8 பாகையிலிருந்து இரண்டரைக்கு இறங்கி, சீட்டில் மறுபடி படிகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் முழங்கால் 92 பாகைக்கு வந்துவிடும். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் சீட்டை உயர்த்தச் சொல்வேன்.

குரூசர் உலகத்தில் இது கொஞ்சம் விநோதமான யோசனைதான். அங்கே எல்லாரும் சீட்டைத் தாழ்த்தும் வேலையில்தான் இருக்கிறார்கள். நெட்டையானவரிடம் உபரியாக இருப்பது கால் நீளம். 188 செ.மீ. ஆளுக்குக் கவட்டிலிருந்து தரைவரை 88 செ.மீ. அளவுக்கு வரும். 690 மி.மீ. சீட்டில் அவர் உட்காரும்போது 19 செ.மீ. கால் வேலையில்லாமல் மடங்கிக் கிடக்கிறது. சீட்டு 780 மி.மீ. ஆனாலும் இரண்டு குதிகாலும் தரையில் படியும். அந்த உபரியைச் செலவழிப்பதுதான் நெட்டையானவர் வண்டி பொறுக்கும் முறை.

இதற்கு மாற்றாக அமெரிக்காவில் பழகிய வழி, ஃபுட்ரெஸ்ட்டை எஞ்சினுக்கு முன்னால் கொண்டுபோய், காலை நீட்டி உட்காருவது. ஹார்லி டேவிட்சனின் பல வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்கு அது விடுதலை, 188 செ.மீ. ஆளுக்கும் 110, 120 பாகை கிடைத்துவிடும். ஆனால் முதுகெலும்பு அதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. தொடையின் பின்னால் ஓடும் நீண்ட தசைகள் இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பு மடங்கி, கால் நீண்டிருக்கும்போது அந்தத் தசைகள் இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்துவிடும். கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும். 1953இல் கீகன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், பல நிலைகளில் ஆட்களை இருத்தி எக்ஸ்ரே எடுத்து, தொடைக்கும் உடற்பகுதிக்கும் இடையே சுமார் 135 பாகை இருக்கும்போதுதான் கீழ்முதுகு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்று காட்டினார். நாற்காலி செய்பவர்கள் இன்றும் அந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறார்கள். காலை நீட்டிய குரூசரில் இந்தக் கோணம் 90ஐ ஒட்டித்தான் நிற்கும். வண்டி நெடுகப் போகப் போக, வால் எலும்பின் மேல் சரிந்து உட்காரும் நிலை வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பள்ளத்தைப் பார்த்ததும் அனுபவப்பட்டவர் காலை ஊன்றி உடம்பை அரை அங்குலம் தூக்கிக்கொள்வார். ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு அடியில் இருந்தால்தான் அது முடியும். கால் முன்னால் நீண்டிருந்தால் குலுக்கல் நேரே முதுகெலும்புக்குத்தான். உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தாக ஆடும்போது, வினாடிக்கு ஏறக்குறைய 5 அதிர்வு என்ற வேகத்தில் அதிகமாகக் குலுங்கும். சாலையில் 5 மீட்டருக்கு ஓர் ஒட்டு இருந்து, வண்டி மணிக்கு 90 கி.மீ.இல் போனால் சரியாக அந்த 5 அதிர்வுதான் வரும். குரூசரின் பின் அப்சார்பருக்கு ஓடும் இடமும் குறைவு. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650இல் பின்சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 101 மி.மீ. உட்கார்ந்தவுடன் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 30 மி.மீ., அமுங்கினால் போதும். நெட்டையானவர் பெரும்பாலும் கனமானவராகவும் இருப்பார். பாதி தூரம் அமுங்கிவிட்டால் பள்ளத்துக்கு மிச்சம் இருப்பது பாதிதான். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டும் வளையத்தைத் திருகிச் சரிசெய்ய ஃபோர்மனுக்கு ஐந்து நிமிட வேலை. மீட்டியோர் 350இல் இதற்கு ஆறு படி இருக்கிறது. வாங்கியபடியே ஓட்டுகிறவர்கள் அநேகம் பேர். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் காசு செலவில்லாமல் கிடைக்கிற சுகம் இது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் கூடும். நெடுஞ்சாலையில் 90இல் போகிறவர் 110க்கு ஏறினால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். காற்றின் தள்ளல் கூடியது பாதி. மார்பு, தோள், தலை சேர்த்து அரை சதுர மீட்டர் என்று வைத்தால் 90இல் ஏறக்குறைய 19 கிலோ, 110இல் 28 கிலோ எடை மார்பில் சாய்ந்தது போல. சற்று முன்னால் சாய்ந்து ஓட்டுபவருக்குக் காற்றே ஒரு தாங்கல். நிமிர்ந்தோ பின்சாய்ந்தோ இருப்பவர் அத்தனையையும் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நெட்டையானவருக்குத் தோளும் தலையும் கண்ணாடிக்கு மேலே நிற்கும். குட்டையான கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதி இரையும். கண்ணாடியே இல்லாத வண்டியில் காற்று சீராகவாவது வரும். காராக், கெந்திங் பக்கம் வார இறுதியில் ஏறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீட்டை உயர்த்தினால் தலையும் உயரும், ஆகவே கண்ணாடியை அதற்குப் பிறகு பார்ப்பதுதான் முறை.

நம் ஊர்ச் சாலைக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடம் 1970களில் உலக வங்கியின் உதவியோடு உருவானது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாகத் தடம் போட்டதில் உலகத்துக்கே முன்னோடி. ஷா ஆலம் பகுதியில் ராடின் உமார் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், அந்தத் தடத்தால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்திருந்தன. பாதுகாப்பான வழி, ஆனால் ஒடுக்கமானது. பாலத்தடியில் புகுந்து வளையும் இடங்களில் நீள வண்டிக்குச் சிரமம். கப்சாயின் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1,200, 1,300 மி.மீ. அளவில் இருக்கும். ரெபல் 500இல் 1,490, சூப்பர் மீட்டியோரில் 1,500. மூன்று மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பக் கப்சாய்க்கு முன்சக்கரத்தை 23 பாகை திருப்பினால் போதும், 1,500 மி.மீ. வண்டிக்கு 27 பாகை. ஹேண்டல் அந்த அளவுக்குத் திரும்பும்போது அதன் முனை எங்கே வருகிறது என்று பாருங்கள். முட்டி உயர்ந்து நிற்பவருக்கு அது முட்டியில் இடிக்கும். ஜாலான் துன் சம்பந்தனில் கடைக்கு முன்னால் ஊர்ந்து திரும்பும்போது ஹேண்டல் முட்டியில் மாட்டினால் 190 கிலோ வண்டி சாய்ந்துவிடும். கடையில் வண்டி நிற்கும்போதே ஹேண்டலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் வைத்துச் சந்தையைப் பார்த்தால், தேர்வு வேறு மாதிரி விரிகிறது. ரெபல் 500 நல்ல வண்டி, 191 கிலோதான், நகரத்தில் கைக்கு அடங்கும். ஆனால் ஆறடியைத் தாண்டியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வல்கன் எஸ்ஸும் தாழ்வுதான், என்றாலும் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில், ஒவ்வொன்றும் 25 மி.மீ. தள்ளி, மாட்டும்படி கவாசாகியே அமைத்திருக்கிறது; வேறு அளவுச் சீட்டுகளும் ஹேண்டலும் உண்டு. 'எல்லா உயரத்துக்கும் ஒரே வண்டி' என்று விற்காமல் ஆளுக்கேற்ற வண்டி என்று யோசித்ததற்காக அந்த வடிவமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். பெனெல்லி 502சியின் சீட்டு 750 மி.மீ. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350இன் சீட்டு 765 மி.மீ.; அதுவும் 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 740 மி.மீ., ஆனால் 241 கிலோ.  மீட்டியோர் 350இன் சீட்டு ரெபல் 500ஐவிட ஏழரை செ.மீ. உயரமாக இருப்பதுதான் நெட்டையானவருக்கு அதில் கிடைக்கும் பெரிய லாபம், எஞ்சின் குதிரைத்திறன் 20ஐ ஒட்டியே இருந்தாலும். தோற்றத்தில் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் அதே எஞ்சின் கொண்ட கிளாசிக் 350 இன்னும் உயரம், 805 மி.மீ. அது குரூசர் வகை இல்லை. அக்கா மகனிடம் அதையும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன்.

லைசென்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பி2 வைத்திருப்பவர் 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. 350க்கும் 471 சிசி ரெபலுக்கும் பி1 வேண்டும். 500ஐத் தாண்டினால் பி. பி2 வரம்புக்குள் வரும் குரூசர்கள், பழைய விராகோவும் நம் நாட்டு மோடெனாஸ் ஜாகோ 175உம், சின்ன உடம்புக்காகச் செய்யப்பட்டவை. பி2 மட்டும் கையில் இருக்கும் நெட்டையானவர் குரூசர் ஆசையை அடுத்த லைசென்ஸ்வரை தள்ளிப்போடுவது நல்லது.

அளக்கும் முறை எளிது. சுவரில் முதுகைச் சாய்த்து, செருப்பில்லாமல் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டுக்கிடையில் அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். மொத்த உயரம் ஒன்றாக இருந்தாலும் இந்த அளவு ஆளுக்கு ஆள் மூன்று நான்கு செ.மீ. வேறுபடும். பிறகு கடையில் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து, சீட்டு உயரத்துக்குக் குனிந்து, கைப்பேசியில் படம் எடுக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கோணம் பொய் சொல்லும். அந்தப் படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கோணம் தெரிந்துவிடும். முழங்காலில் 90 பாகைக்குக் கீழே வந்தால் அந்த வண்டியை அப்படியே எடுக்க வேண்டாம். முட்டி இடுப்பைவிட உயர்ந்திருந்தாலும் வேண்டாம்.

மாற்றங்களில் சீட்டு முதலில், அப்சார்பர் அடுத்து, ஹேண்டல் அதற்குப் பிறகு, ஃபுட்ரெஸ்ட் கடைசி. சீட்டு உயர்ந்தால் கைக்கு ஹேண்டல் தாழ்ந்துபோகும், ஆகவே இந்த வரிசை மாறக்கூடாது. ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்தினால் கியர், பிரேக் பெடல்களும் கூட நகர வேண்டும். அது கம்பியை வளைத்து ஒட்டவைக்கும் வேலை இல்லை, தயாரிப்பாளரின் சொந்தச் சாமான் இருந்தால் மட்டும் செய்ய வேண்டியது. வண்டியின் அமைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் முன்னதாக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் கடையைச் சுற்றி ஒரு வட்டத்தோடு திரும்பிவிடாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் எந்த வண்டியும் உடம்புக்குச் சரியாகத்தான் தோன்றும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை குந்தி எழுந்து பார்த்தால் முட்டி பதில் சொல்லிவிடும்.